கைகட்டு மேடம்

அந்தக் கல்லூரி வாசலில் போய் நின்று, "பிசியோதெரபி பேராசிரியர் அம்மாவைப் பார்க்கணும்" என்று கேட்டுப் பாருங்கள். காவலாளி தலையைச் சொறிவார். "அதாங்க, கைகட்டு மேடம்" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால்தான் அவர் முகம் மலரும். "அட, அவங்களா! நேராப் போங்க, சாய்தளம் ஏறுங்க, இடது பக்கம் பெரிய கூடம். சத்தம் கேட்கும்ல, அதேதான்." சத்தம் என்று அவர் சொல்வது மேடத்தின் குரலை. மைக் வைத்தால் மைக்குத்தான் கேடு.

பெயர் எப்படி வந்தது என்றால், முதல் நாள் வகுப்பில் வந்தது. புதுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, உலகத்தையே தூக்கி நிறுத்தப் போகிற முகத்தோடு வந்து நிற்பார்கள். மேடம் ஒரு நோயாளியைக் கட்டிலில் உட்கார வைப்பார். "எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க. இப்ப இவரை எழுப்பி நிக்க வைங்க. வாய் மட்டும்தான் உங்களுக்கு. கை வந்துச்சு, ஆள் வெளியே." பிள்ளைகளுக்கு வியர்த்துக் கொட்டும். "எந்திரிங்க சார்" என்பான் ஒருவன். "எந்திரிக்கத் தெரிஞ்சா நான் ஏம்பா இங்க வர்றேன்?" என்பார் நோயாளி. எங்கே கால் வைக்க வேண்டும், எவ்வளவு முன்னால் குனிய வேண்டும், பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு மனிதனுக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பாதிப் பேருடைய தலைக்கனம் இறங்கிவிடும். மீதிப் பேருக்கு இரண்டாம் வருடம் இறங்கும்.

இப்படிக் கையைக் கட்டு, கையைக் கட்டு என்று கத்துகிற அம்மாளுக்கு இளம் வயதில் இருந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? கிரேன்! ஆமாம், துறைமுகத்தில் சாமான் தூக்குமே, அந்தக் கிரேன்தான். கூடைப்பந்து ஆடி வளர்ந்த உடம்பு, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு கனமான நோயாளியாக இருந்தாலும் கக்கத்தில் கையைக் கொடுத்து ஒரே தூக்கு, நாற்காலியில் வைத்துவிடுவார். பெயர் வைத்தவன் கூடப் படித்த ஒருத்தன். அவன்தான் பின்னால் அதே கல்லூரிக்கு முதல்வராக வந்தவர். இருவருக்கும் படிக்கிற காலத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். கதைக்கு அவர் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கிரேன் எப்படிக் கையைக் கட்டியது? வேலையில் சேர்ந்த புதிதில், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன கடிகாரக் கடைக்காரர் ஒருவர் வார்டில் இருந்தார். தினமும் காலையில் மேடம் போய் அவரைத் தூக்குவார். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆஹா, என்ன முன்னேற்றம்!" மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார். போன வேகத்தில் ஆள் திரும்பி வந்தார், இடுப்பெலும்பு முறிந்து. கூடவே அவர் மனைவி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு. கட்டிலிலிருந்து எழுப்பப் போய் இருவரும் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள்.

அந்த மனைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மேடம் தாங்கியிருப்பார். "அவர் எந்திரிக்கிறார்னு நினைச்சோம்மா. நீங்க தூக்கிட்டு இருந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியலை. உங்க கை எங்க வீட்ல இல்லையே" என்றார்.

மேடம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. இது பிசியோக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு. மற்றவர்கள் உதவாமல் கெடுப்பார்கள், இவர்கள் உதவியே கெடுப்பார்கள். பலசாலி, இளகிய மனசு, பழகின கை, மூன்றும் சேர்ந்தால் நோயாளி ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டான்.

ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவது? "பிடிக்காம விட்டா விழுந்துடுவாங்க" என்று துறையில் மூத்தவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சரி, கண்ணால் காட்டுகிறேன் என்று மேடம் கடைத்தெருவுக்குப் போய், வீட்டில் உடம்பு எடை பார்ப்போமே, அந்த மெஷின் இரண்டு வாங்கி வந்தார். ஒரு காலுக்கு ஒன்று. நோயாளியை அதன்மேல் நிற்க வைத்து, ஒருமுறை பிடித்துக்கொண்டு பார்ப்பது, ஒருமுறை பிடிக்காமல் பார்ப்பது. பிடித்தால், பிடித்த பக்கம் ஆள் சாய்கிறான், பலவீனமான காலின் கீழே முள் அசையவே மாட்டேன் என்கிறது. கையை எடுத்து, வாயால் சொல்லி நிற்க வைத்தால், அதே கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வாங்குகிறது. "பழைய பேப்பர்காரன் மாதிரி ஆளை நிறுத்துக்கிட்டு இருக்கா" என்று ஓய்வறையில் சிரித்தார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்களும் முதலில் திருப்பி அனுப்பினார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மேடம் அம்மியை நகர்த்தவில்லை, உருட்டியே விட்டார். வருடக்கணக்கில் நிறுத்தார், எழுதினார், திருப்பி வந்ததை மறுபடி எழுதினார். கடைசியில் வெளிநாட்டு மாநாட்டில் அவர் பேசி முடித்தபோது கூட்டமே எழுந்து நின்றது. அந்த எடை மெஷின் இரண்டும் இப்போது துறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. மேடமே துடைப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

சாய்தளம் கதையும் இருக்கிறது. முன்வாசலில் அப்போது படிக்கட்டு மட்டும்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களைப் பின்பக்கமாக, அழுக்குத் துணி மூட்டை போகிற வழியாகக் கொண்டுவருவார்கள். "அதான் பின்னால வழி இருக்கே" என்றார் புதிதாக முதல்வரான பழைய நண்பர். "அப்ப நீயும் நாளையிலேர்ந்து அந்த வழியா வா" என்றார் மேடம். அவர் வரவில்லை. மேடம் தன் வகுப்பைக் கொண்டுபோய் முன்படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டார். கரும்பலகை, கட்டில், நோயாளி, பிள்ளைகள், எல்லாம் நடைபாதையில். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பாடம் கேட்க, முதல்வருக்கு மானம் போயிற்று. சாய்தளம் வந்தது. திறப்பு விழாவில் அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டுமே, ஏதோ அவரே கனவு கண்டு கட்டிய மாதிரி!

இத்தனையும் ஒரு பக்கம். மேடத்தின் வாழ்க்கையில் நிஜமான பரீட்சை பிற்பாடுதான் வந்தது, அக்காவின் உருவத்தில்.

அக்கா என்பது வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். அச்சகத்தில் வேலை பார்த்தவள், முப்பது வயதுக்கு மேல். காகிதம் வெட்டுகிற மெஷின் இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டது. சிகிச்சைக்கு மேடத்திடம் வந்தவள், ஒற்றைக் கையால் வாழப் பழகிக்கொண்டு போகாமல், "எனக்கு இந்தப் படிப்பு சொல்லிக் கொடுங்க" என்று நின்றாள். மேடம் சண்டை போட்டு இடம் வாங்கினார். அக்கா எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் முதல். கடைசி வருடம், செய்முறைத் தேர்வுக்கு முன்னால்தான் முட்டுக்கட்டை விழுந்தது. விதியில் ஒரு வரி: மாணவர் நோயாளியை இரு கைகளாலும் தூக்கி நாற்காலிக்கு மாற்ற வேண்டும்.

"இரு கைன்னு இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் முதல்வர்.

"தூக்கவே கூடாதுன்னு முப்பது வருஷமா நான் தொண்டை கிழியக் கத்துறேன். நீ கையை எண்ணிக்கிட்டு இருக்கியா?"

"கிரேன், கத்தாதே. நோயாளி விழுந்தா யார் பதில் சொல்றது? நீயா, அந்தப் பொண்ணா? நான்தான்."

அது நியாயமான கேள்விதான். மனிதர் பயந்தாரே தவிர, பொல்லாதவர் இல்லை. இழுபறிக்குப் பிறகு குழு கூடி ஒரு முடிவு சொன்னது. அக்கா தூக்காமல், தன் வழியிலேயே தேர்வு எழுதலாம். ஆனால் நடுவில் வேறு யாருடைய கையாவது நோயாளிமேல் பட்டால் தோல்வி. மேடம் பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. அக்கா தோற்றால், உடல் குறை உள்ளவர்களை இந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த வருடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தன் ஊன்றுகோலில் நடப்பவன், இன்னொருத்திக்குப் பார்வை மங்கல். மூன்று பேர் தலைவிதி ஒரு கட்டிலுக்கும் ஒரு நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடத்தின் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர், நிதானமான மனிதர், வெங்காயத்திலும் அதே நிதானம். மேடம் பார்த்தார், பார்த்தார், பொறுக்க முடியாமல் கத்தியைப் பிடுங்கிவிட்டார்.

"ஏன் மேடம், ஊருக்குத்தான் உபதேசமா? வீட்ல கை கட்டு கிடையாதா?"

"நீங்க நறுக்கி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"விடியட்டுமே. நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டயும் இப்படித்தான் பிடுங்கப் போறியா?"

மேடம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் பயந்ததே அதற்குத்தான். அக்கா தோற்பாள் என்ற பயம் அவருக்கு இல்லை. தன் கை நீண்டுவிடுமோ என்ற பயம்தான். "எனக்கே பயமா இருக்குங்க" என்றார். வெங்காயத்தால் வந்த கண்ணீரையும் இந்தக் கண்ணீரையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கூடத்தில் நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் ஒரு பழைய லாரி டிரைவர். பக்கவாதம், வலது பக்கம் பலமில்லை. ஆள் பீப்பாய் மாதிரி. அவர் மனைவி குட்டையாக, ஒல்லியாக, கதவோரம் ஒடுங்கி நின்றாள். முதல்வர் டிரைவருக்கு வலது பக்கம், கட்டிலை ஒட்டி. மேடம் சுவரோரம், கை பின்னால்; அவரைப் பார்த்து வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே.

டிரைவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு கை இருக்கிறவங்களே என்னைத் தூக்கி மூச்சு வாங்குறாங்க. நீ ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித் தூக்குவ?"

"நான் ஏன் தூக்கணும்ணே? நீங்க எந்திரிங்க."

"சரியாப் போச்சு! அது முடிஞ்சா நான் இந்நேரம் லோடு ஏத்திக்கிட்டுல்ல இருப்பேன்."

"முடியுமா முடியாதான்னு இதுவரைக்கும் யாராவது உங்களை விட்டுப் பார்த்தாங்களா?"

டிரைவர் யோசித்தார். அக்கா சக்கர நாற்காலியை அவருடைய நல்ல பக்கம் போட்டாள், காலாலேயே பிரேக்கை அழுத்தினாள், ஆட்டிப் பார்த்தாள். "கட்டில் விளிம்புக்கு வாங்க. ஒரு பக்கம், மறுபக்கம், அப்படியே நகர்ந்து. பாதத்தை உள்ளே இழுங்க, முட்டிக்குக் கீழே. ரெண்டையும் தள்ளி வைங்க." தன் முட்டியை அவருடைய பலமில்லாத முட்டிக்கு முன்னால் அணைகட்டின மாதிரி வைத்துக்கொண்டாள். "இந்த முட்டி மடங்காது, நான் பார்த்துக்கறேன். இப்ப குனியுங்க. மூக்கு, கால் கட்டைவிரலுக்கு மேல வரணும். இன்னும். இன்னும். பயப்படாதீங்க, இன்னும்."

டிரைவரின் பின்பக்கம் கட்டிலைவிட்டு எழும்பியது. எழும்பியதே! பாதி உயரத்தில் உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவுதான், முதல்வரின் கை தானாகப் போய் டிரைவரின் வலது கக்கத்தில் நுழைந்தது. நுழைந்த கணமே டிரைவர் அந்தப் பக்கம் மொத்தமாகச் சாய, பாதம் வழுக்க, தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

விதிப்படி பார்த்தால் அக்கா தோற்றுவிட்டாள். "அடப்பாவி, கெடுத்தியே!" என்று கத்த மேடத்துக்கு வாய்வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்து விழுங்கினார். அதைப்போல ஒரு கசப்பை அவர் வாழ்நாளில் விழுங்கியதில்லை.

அக்காதான் பேசினாள், சாந்தமாக. "சார், உங்க கை பட்டுடுச்சு."

"அவர் விழப் பார்த்தாரேம்மா" என்றார் முதல்வர். குரலில் சுரத்தில்லை. சட்டத்தைப் போட்டவரே சட்டத்தை மீறினால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

டிரைவர் குறுக்கே புகுந்தார். "ஐயா, கோச்சுக்காதீங்க. நான் பாட்டுக்கு எந்திரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பிடிச்சீங்களா, அதான் பிடிச்சுட்டாரே, இனி நமக்கென்னன்னு உடம்பு உங்க மேல படுத்துடுச்சு. கிளீனர் முழிச்சிருந்தா டிரைவருக்குத் தூக்கம் வருமே, அது மாதிரி."

இரண்டு எடை மெஷினை வைத்துக்கொண்டு மேடம் வருடக்கணக்கில் சொன்னது இதுதான். முதல்வர் தன் கையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற மேடத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது.

"தப்பு என்னுது. மறுபடியும் ஆரம்பிம்மா" என்றார்.

"சரிங்க சார். நீங்க கொஞ்சம் கையைப் பின்னால கட்டிக்கிறீங்களா?"

முதல்வரைப் பார்த்து ஒரு மாணவி இப்படிக் கேட்பாளா! முதல்வர் கையைப் பின்னால் கொண்டுபோய், முதல் வருடப் பையன் மாதிரி, கட்டிக்கொண்டார்.

மறுபடியும் விளிம்பு, பாதம், முட்டி, மூக்கு. டிரைவர் எழுந்தார். அதே பாதி உயரம், அதே ஆட்டம். இந்த முறை சுவரோரத்தில் மேடத்தின் வலது கை கட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. முன்னால் நீளவும் ஆரம்பித்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துத் திரும்பப் பின்னால் கொண்டுபோனார். நகம் பதிந்து தோல் உரிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. அக்கா அசையவில்லை. "ஆடட்டும்ணே, ஆடினா நிக்கத் தெரிஞ்சுக்கும். என்னைப் பாருங்க. நிமிருங்க."

டிரைவர் நிமிர்ந்தார். நின்றார். இத்தனை மாதம் எல்லோரையும் அண்ணாந்து பார்த்த மனிதர், முதல்முறையாக முதல்வரின் வழுக்கையை மேலிருந்து பார்த்தார். "அடேங்கப்பா!" என்றார். மெதுவாகத் திரும்பி, நல்ல கையால் நாற்காலிப் பிடியைத் தேடிப் பிடித்து, தானாகவே உட்கார்ந்தார்.

தேர்வு அதோடு முடிந்தது. முதல்வரும் "போதும்மா" என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க வாங்க. மறுபடி கட்டிலுக்கு நீங்க கொண்டுபோங்க."

அந்த ஒல்லி மனைவி பதறிவிட்டாள். "ஐயோ, நானா? என்னால இவரைத் தூக்க முடியாதும்மா."

"என்னாலயும்தான் முடியாது. வீட்ல இவர்கூட யார் இருக்கப் போறது? நீங்கதானே? நான் இல்லையே."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரக் கடைக்காரரின் மனைவி சொன்ன கிட்டத்தட்ட அதே வார்த்தை. அக்காவிடம் மேடம் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. படிப்பிலிருந்தே அவள் அதற்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

மனைவி தயங்கியபடி வந்து, அக்கா காட்டியபடி முட்டியை வைத்தாள். "மூக்கை... அது என்னம்மா சொன்ன? கட்டைவிரலா?" என்று தடுமாறினாள். பிறகு புருஷனைப் பார்த்து, தன் பாஷையிலேயே அதட்டினாள்: "என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க? எட்டி ஸ்டியரிங்கைப் பிடிங்க!"

டிரைவர் அப்படியே முன்னால் எட்டினார். எழுந்தார். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் எதிரும் புதிருமாக நின்றார்கள், அவள் தலை அவர் மார்பளவு. "என்னடி, உன்னை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, ஆனால் முட்டியை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார வைத்த பிறகுதான் அழுதாள்.

அடுத்த வருட விதிப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. ஊன்றுகோல்காரனும் பார்வை மங்கல்காரியும் சாய்தளம் ஏறி முன்வாசல் வழியாக வந்து சேர்ந்தார்கள். அக்கா அதே துறையில் வேலைக்கு வந்து, முதல் நாள் வகுப்பை மேடத்தோடு சேர்ந்து எடுக்கிறாள். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்குக் கூடத்தில் மேடம் அழுதுகொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை. கை பின்னால் கட்டியபடியே இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை. பிள்ளைகளும் கையைக் கட்டியபடியே நின்றார்கள். கட்டிய கையை முதலில் அவிழ்த்தது முதல்வர்தான். அவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார்.